வெள்ளத்துக்கு ஏங்கும் காடு!

வெள்ளம் என்றால் எல்லோருக்கும் பயம். வீடு போகும், மாடு போகும், விளைந்த பயிர் போகும். ஆனால், "வெள்ளம் வரவில்லையே!" என்று ஏங்கும் காடு ஒன்று உண்டு. வெள்ளம் வந்தால் அது தழைக்கும். வராவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துபோகும்.

அந்தக் காடு ஐரோப்பாவில், ஆஸ்திரியா நாட்டில் இருக்கிறது. தலைநகரான வியன்னாவில் தொடங்குகிறது. அங்கிருந்து கிழக்கே, ஸ்லோவாக்கியா நாட்டு எல்லை வரை, டான்யூப் நதியை ஒட்டியே போகிறது. பெரும் பகுதி வட கரையில் இருக்கிறது. பரப்பு 9,600 ஹெக்டேர். அதாவது ஏறக்குறைய 24 ஆயிரம் ஏக்கர். 1996-ம் ஆண்டு முதல் அது தேசியப் பூங்கா.

இந்தக் காட்டைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கான மக்கள் கொட்டும் பனியில் படுத்துக் கிடந்தார்கள். வெற்றியும் பெற்றார்கள். அப்படியிருந்தும் காட்டுக்கு ஆபத்து நீங்கவில்லை. ஏன்? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்து பார்க்க வேண்டும்.

மேடு இல்லாத பாதை

காட்டு நடை என்றால் மலை ஏற வேண்டும், மூச்சு வாங்கும் என்று நினைப்போம். இங்கே மலையே கிடையாது. தரை பாய் விரித்தது போலச் சமமாக இருக்கிறது. குழந்தைகள் நடக்கலாம், தாத்தா பாட்டிமாரும் நடக்கலாம். உள்ளே போகக் கட்டணம் இல்லை.

வட கரையில் நெடுந்தூரத்துக்கு ஒரு மண் கரை போட்டிருக்கிறார்கள். வெள்ளம் ஊருக்குள் வராமல் தடுக்க, நூறு ஆண்டுகளுக்கு முன்பே போட்ட கரை அது. அதன் மேல் ஏறி நின்றால் இரண்டு காட்சிகள் தெரியும். ஒரு பக்கம் வயலும் ஊரும். மறு பக்கம் காடு.

கரையிலிருந்து இறங்கிக் காட்டுக்குள் நடந்தால், வில்லோ, பாப்லார், ஓக் முதலிய மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. மரங்களின் மேல் கொடிகள் ஏறிப் படர்ந்திருக்கின்றன. விழுந்த மரத்தை யாரும் எடுப்பதில்லை. அது அங்கேயே மட்கி, வண்டுக்கும் காளானுக்கும் உணவு ஆகிறது. சில மரங்களின் அடிப்பாகம் பென்சில் சீவியது போல இருக்கும். அது 'பீவர்' என்ற பிராணியின் வேலை. நீரிலும் கரையிலும் வாழும் அந்தப் பிராணி, பல்லாலேயே மரத்தைக் கடித்துச் சாய்த்துவிடும்.

இடையிடையே, ஆற்றிலிருந்து பிரிந்த கிளைகள் குளம் போலத் தேங்கி நிற்கின்றன. அங்கே ஆமை வெயில் காய்கிறது. மீன்கொத்தி பாய்கிறது. ஒரு காலத்தில் காணாமற்போன வெண்வால் கழுகு திரும்பி வந்து கூடு கட்டியிருக்கிறது. கோடையில் போகிறவர்களைக் கொசு மட்டும் சும்மா விடாது!

வெள்ளம் செய்யும் வேலை

இந்தக் காட்டில் டான்யூப் நதியின் மட்டம் ஒரே நிலையில் நிற்பதில்லை. தண்ணீர் குறைந்த நாளுக்கும் பெருகிய நாளுக்கும் இடையே 7 மீட்டர் வரை வித்தியாசம் உண்டு. அதாவது, இரண்டு மாடி உயரம்!

வெள்ளம் பெருகினால் காட்டுக்குள் தண்ணீர் புகும். நடைபாதை மறையும். ஆனால் அந்தத் தண்ணீர் சும்மா வருவதில்லை. வண்டல் கொண்டு வருகிறது. அடைத்துக் கிடக்கும் கிளைகளைக் கழுவி விடுகிறது. மீன்கள் காட்டுக் குளங்களுக்குள் வந்து குஞ்சு பொரிக்க வழி விடுகிறது. கரையை அறுத்துச் செங்குத்தாக்குகிறது. அந்த மண் சுவரில்தான் மீன்கொத்தி வளை தோண்டி முட்டை இடும்.

ஊருக்கும் இதில் லாபம் உண்டு. காட்டில் பரவி நிற்கும் தண்ணீர் ஊருக்குள் பாய்வதில்லை. 2013-ம் ஆண்டு ஜூன் மாதத்திலும், 2024-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்திலும் டான்யூப் நதியில் பெரு வெள்ளம் வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் காடு ஓர் ஏரி போல நின்று தண்ணீரை வாங்கிக்கொள்கிறது.

அணைக்கட்டுத் திட்டம்

இந்தக் காட்டின் கிழக்குக் கோடியில், ஹைன்பர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில், அணை கட்டி மின்சாரம் எடுக்க 1980-களில் திட்டம் தயாராயிற்று. சர்க்கார் சொன்ன காரணங்கள் அற்பமானவை அல்ல. நாட்டுக்கு மின்சாரம் தேவை. தொழிலாளருக்கு வேலை தேவை. வெளிநாட்டு எண்ணெயை நம்பியிருப்பதைக் குறைக்க வேண்டும். தொழிற்சங்கங்களும் திட்டத்தை ஆதரித்தன.

ஆனால், அணை வந்தால் ஆறு அசையாத ஏரி ஆகிவிடும். ஏறி இறங்கும் வெள்ளம் நின்றுவிடும். மரத்தை வெட்டாவிட்டாலும் காடு போய்விடும்.

மிருகங்கள் அளித்த பேட்டி!

1984-ம் ஆண்டு மே 7-ந் தேதி வியன்னாவில் ஒரு விநோதமான பேட்டி நடந்தது. பத்திரிகை நிருபர்கள் முன்பு, பல கட்சிப் பிரமுகர்கள் மிருகம், பறவை வேடம் போட்டு வந்து உட்கார்ந்தார்கள். பத்திரிகையாளர் குந்தர் நென்னிங், தலையில் மான் கொம்பு வைத்துக்கொண்டு வந்தார். நாடே சிரித்தது. சிரித்தபிறகு, சிந்தித்தது. பிராணிகளின் பழக்கவழக்கங்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற கான்ராட் லாரன்ஸ், இந்த இயக்கத்துக்குத் தம் பெயரைத் தந்தார்.

ஆனாலும் மரம் வெட்ட உத்தரவு பிறந்தது. டிசம்பர் 8-ந் தேதி ஆயிரக்கணக்கான மக்கள் காட்டுக்கு ஊர்வலமாக வந்தார்கள். பலர் திரும்பிப் போகவே இல்லை. கூடாரம் அடித்து, தீ மூட்டிக் குளிர் காய்ந்து, காட்டிலேயே தங்கினார்கள். மாணவர், தாய்மார், வயோதிகர் எல்லோரும் இருந்தார்கள். உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஹுண்டர்ட்வாசரும் கூடாரத்தில் தங்கினார்.

டிசம்பர் 19-ந் தேதி காலை, சுமார் 800 போலீசார் காட்டுக்குள் புகுந்தார்கள். தடியடி நடந்தது. 19 பேர் காயம் அடைந்தார்கள். அன்று மாலையே வியன்னா வீதிகளில் சுமார் 40 ஆயிரம் பேர் திரண்டு கண்டித்தார்கள்.

கிறிஸ்துமசுக்குச் சில நாட்களே இருந்தன. தலைமை மந்திரி பிரெட் சினோவாட்ஸ், "கிறிஸ்துமஸ் சமாதானம்" அறிவித்தார். மரம் வெட்டும் வேலை நின்றது. 1985-ம் ஆண்டு ஜனவரியில் கோர்ட்டும் வேலைக்குத் தடை போட்டது. அந்த ஆண்டு மார்ச்சில், காட்டைக் காக்கும் மனுவில் 3½ லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 1986-ம் ஆண்டு, அணைக்குக் கொடுத்த அனுமதியையே கோர்ட்டு ரத்து செய்தது.

இத்துடன் மக்கள் ஓயவில்லை. 1989-ம் ஆண்டு, பொதுமக்கள் தந்த நன்கொடையைக் கொண்டு 411 ஹெக்டேர் காட்டை விலைக்கே வாங்கினார்கள். 1996-ம் ஆண்டு அக்டோபரில் தேசியப் பூங்கா பிறந்தது.

ஆறு கீழே இறங்குகிறது

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

ஆறு தண்ணீரை மட்டும் கொண்டு வருவதில்லை. சரளைக் கல்லையும் உருட்டி வருகிறது. பழைய சரளை போகும்; புதுச் சரளை வரும். அதனால் ஆற்றின் அடிமட்டம் ஒரே நிலையில் இருக்கும். ஆனால் மேல்புறம் வரிசையாக அணைகள் இருக்கின்றன. கடைசியாக வியன்னாவிலேயே பிராய்டனவ் அணை வந்தது. 1991-ம் ஆண்டு நகர மக்களைக் கேட்டு, பெரும்பான்மையோர் சம்மதித்த பிறகே கட்டிய அணை அது. சரளை அணைகளுக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. புதுச் சரளை வருவதில்லை. இரு கரையிலும் கல் அடுக்கியிருப்பதால், ஆறு பக்கவாட்டிலும் அரிக்க முடியாது. அதனால் தன் அடித்தரையையே அரிக்கிறது.

இப்படி ஆண்டுக்கு 2 முதல் 3½ சென்டி மீட்டர் வரை ஆறு ஆழமாகி வந்ததாகக் கணக்கிட்டார்கள். இது இரண்டு விரல் அகலம்தான். ஆனால் 50 ஆண்டுகளில் ஒரு மீட்டருக்குக் குறையாது! ஆறு இறங்கினால் நிலத்தடி நீரும் இறங்கும். சின்ன வெள்ளம் காட்டுக்குள் எட்டிப் பார்க்காது. குளங்கள் தூர்ந்துபோகும்.

திருப்பிக் கொடுக்கும் வேலை

பரிகாரம் உண்டா? உண்டு. ஹைன்பர்க்குக்கு எதிர்க் கரையில், ஏறக்குறைய 3 கிலோ மீட்டர் தூரத்துக்கு, அடுக்கியிருந்த கல்லையெல்லாம் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஆறு மறுபடியும் தன் இஷ்டம்போல் கரையை அறுக்கிறது. ஓர்த் என்ற ஊருக்குப் பக்கத்திலும் வேறு சில இடங்களிலும், அடைபட்ட கிளைகளின் வாயைத் திறந்துவிட்டார்கள். கப்பல் போக்குவரத்துக்காகத் தூர்வாரும் சரளையை, படகில் ஏற்றி மேல்புறம் கொண்டுபோய், மீண்டும் ஆற்றிலேயே கொட்டுகிறார்கள்.

வியன்னா எல்லைக்குள் இருக்கும் லோபா காட்டில்தான் சிக்கல் அதிகம். அங்கே வெள்ளக் கரை ஆற்றையும் காட்டையும் பிரித்து வைத்திருக்கிறது. கரையைத் திறந்து ஆற்று நீரை விட்டால் காடு பிழைக்கும். ஆனால் அங்கே நகரத்தின் குடிநீர்க் கிணறுகளும் இருக்கின்றன. ஆற்று நீர் புகுந்தால் கிணற்று நீர் கெடுமோ என்ற கவலை இருக்கிறது. அதுவும் நியாயமான கவலைதான்.

1984-ம் ஆண்டில் எதிரி கண்ணுக்குத் தெரிந்தது. கோடரியைக் கண்டால் மக்கள் திரள்வார்கள். ஆண்டுக்கு இரண்டு விரல் இறங்கும் ஆற்றுக்காக யார் ஊர்வலம் போவார்கள்?

காட்டைச் சுற்றி எல்லை போட்டால் மரம் மிஞ்சும். ஆற்றையும் விட்டுவைத்தால்தான் காடு மிஞ்சும். பனியில் படுத்துக் காப்பாற்றியவர்களின் பேரப் பிள்ளைகள், இன்று அந்தச் சமவெளிப் பாதையில் நடக்கிறார்கள். பாதையில் தண்ணீர் ஏறி வழி மறித்தால் அவர்கள் சலித்துக்கொள்ள வேண்டியதில்லை. காட்டுக்குச் சாப்பாடு வந்திருக்கிறது என்று மகிழ்ந்து, கரை மேல் ஏறி நடக்கலாம்!