கையொப்பமிடும் முன்



ஆண்டுதோறும் தவறாமல் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிரீமியம் செலுத்தியும், நோயுற்ற வேளையில் "பணம் தருவதற்கில்லை" என்ற தாளைப் பெற்றுத் திகைத்து நிற்கும் குடும்பங்கள் உண்டு. மகளுக்கென வைத்திருந்த நகை அடகுக்கடைக்குப் போகிறது. இம்மறுப்புக்கான வித்து பல வேளைகளில் பாலிசி எடுத்த அன்றே ஊன்றப்பட்டுவிடுகிறது.

விண்ணப்பப் படிவத்தை முகவர் நிரப்புகிறார். அவர் காட்டிய இடத்தில் நாம் கையொப்பமிடுகிறோம். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, முன்னர் செய்த அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்கு நேரே "இல்லை" என எழுதியிருப்பதை நாம் படிப்பதில்லை. பிரீமியம் கூடுமே என்று அறிந்தே வாளாவிருப்போரும் உளர். முகவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் கையொப்பம் உங்களுடையதன்றோ! உள்ளதைச் சொல்லி ஏற்றுக்கொள்ளப்பட்ட நோய்க்கு மூன்றாண்டுக்கு மேல் காத்திருக்கச் செய்ய 2024-ஆம் ஆண்டின் விதிகள் இடந்தரவில்லை. தொடர்ந்து 60 மாதம் பாலிசி வைத்திருப்பவரை, மோசடி மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, "நோயை மறைத்தீர்" என்று சொல்லித் தள்ளவும் இயலாது. புதுப்பிக்கத் தவறினாலோ இக்கணக்கெல்லாம் வீணாகும்.

மருத்துவமனையிலும் விழிப்புத் தேவை. மருத்துவர் வினவும்போது, "பத்து வருஷமா சுகர் இருக்கு" என்று உடன்வந்த சித்தப்பா பதற்றத்தில் சொல்லிவிடுவார். நோய் கண்டறியப்பட்டதோ இரண்டாண்டுக்கு முன்னர்தான். அச்சொல் குறிப்பில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இடம்பெறுகிறது. நிறுவனம் அதனையே சான்றாகக் கொள்கிறது. ஆதலால் நோயை முதன்முதல் காட்டிய பரிசோதனைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிழை நேர்ந்திருந்தால் வீடு திரும்பும் முன்னரே அதனைக் காட்டித் திருத்தம் கேளுங்கள்.

அறை வாடகையும் கவனிக்கத்தக்கது. நாளொன்றுக்கு ரூ.5,000 வரம்புள்ள பாலிசியுடன் ரூ.8,000 அறையில் தங்கினால், மருத்துவர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் வெட்டப்படலாம், ரூ.80,000-க்கு ரூ.50,000 தான் வரும்.

மறுப்பு வந்துவிட்டால், பாலிசியின் எந்த விதிப்படி என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிடினும், வந்த பதில் நிறைவளிக்காவிடினும், ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். தமிழகத்துக்குரிய அலுவலகம் சென்னையில் உள்ளது. ரூ.50 இலட்சம் வரையுள்ள வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணமில்லை, வழக்கறிஞர் வைக்க வேண்டியதுமில்லை. அவரது தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு அது நிறைவளிக்காவிடில் நுகர்வோர் நீதிமன்றம் திறந்தேயிருக்கிறது.