உறைந்த மண்ணுக்கு அடியிலும் வெப்பம் உண்டு

"புவிவெப்பப் பம்பும் மின்சாரத்தில்தானே ஓடுகிறது? சாதாரண ஹீட்டருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்கிறார்கள். மூன்று மடங்கு வித்தியாசம். ஹீட்டர் 1 யூனிட் மின்சாரத்தை 1 யூனிட் வெப்பமாக்குகிறது. அதற்கு மேல் அதனால் முடியாது. பம்ப், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் இடம் மாற்றுகிறது. அதனால் 1 யூனிட் செலவில் 3 முதல் 4 யூனிட் வெப்பம் கிடைக்கிறது. ஃபிரிட்ஜ் செய்வதும் இதே வேலைதான்.

பனி உறைந்த மண்ணில் வெப்பம் ஏது என்பது அடுத்த வாதம். ஸ்வீடனைப் பாருங்கள். ஸ்டாக்ஹோமில் மேல்மண் உறைந்து கிடக்கும்போதும், பாறைக்குள் சில பத்து மீட்டர் இறங்கினால் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7, 8 டிகிரி செல்சியஸ் இருக்கும். 100, 200 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, குழாயில் உறையாத திரவத்தைச் சுற்றவிட்டு அந்த வெப்பத்தை மேலே கொண்டுவருகிறார்கள். கம்ப்ரசர் அதை அறைக்கு வேண்டிய சூட்டுக்கு உயர்த்துகிறது. கோடையில் அதே பாறை வீட்டைக் குளிர்விக்கும். கம்ப்ரசரை ஓட்டாமல் திரவத்தைச் சுற்றவிட்டாலே பல வீடுகளுக்குப் போதும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அந்த நாடு தேர்ந்துகொண்ட வழிகளில் இது முக்கியமானது.

துளையிடும் செலவு அதிகம், உண்மை. அந்தக் கணக்கைத் தாராளமாகப் பேசுவோம். இயற்பியலைத் திரித்து எண்ணெய்க் கொதிகலன்களின் ஆயுளை நீட்டிக்காதீர்கள்.