பள்ளித் துப்பாக்கியைக் குறை சொல்லும் முன்

சென்ற வாரம் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். துப்பாக்கி சுடும் பயிற்சி முடிந்து வீடு திரும்புகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஏர் பிஸ்டலில் ஸ்டெயர் நல்லதா, மொரினி நல்லதா என்று வாக்குவாதம். மின்னணு விசைதான் மென்மையானது என்றார் ஒருவர். “போட்டி நடுவுல பேட்டரி போயிட்டா என்ன பண்ணுவ?” என்று மடக்கினார் மற்றவர். இறங்கும் நேரத்தில் முதலாமவர் சொன்னதுதான் என்னை எழுத வைத்தது: “பள்ளித் துப்பாக்கிய வச்சுக்கிட்டு 540ஐத் தாண்டவே முடியாது. அப்பாகிட்ட சொந்தமா ஒண்ணு கேக்கணும்.”

உயர்நிலை மூன்றில் படித்தபோது இதையே நானும் சொல்லியிருக்கிறேன். என் அப்பா விலையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

இப்படி ஒப்பிட்டுப் பேசுவது வெட்டிப் பேச்சு என்று சொல்லமாட்டேன். 1960களில் ஜெர்மனியின் பைன்வெர்க்பாவ் நிறுவனம் கொண்டுவந்த 65ஆம் மாடல் சுருள்வில்லால் இயங்கியது. வில் விடுபடும்போது துப்பாக்கி உதறும். அந்த உதறல் கையை எட்டாதபடி, மேற்பகுதி தனியாகப் பின்னால் நகர்ந்து கொடுக்கும் வகையில் அதை அமைத்தார்கள். பின்னர் நெம்புகோலை ஒருமுறை இழுத்துக் காற்றை அடைக்கும் வகை வந்தது. உதறல் போனது, ஆனால் 60 குண்டுகளுக்கு 60 முறை இழுக்க வேண்டும். கரியமில வாயு உருளை அந்த வேலையைக் குறைத்தாலும், வெப்பநிலை மாறினால் வாயுவின் அழுத்தமும் மாறியது. இன்று நம் பள்ளிகளில் இருப்பவை பெரும்பாலும் 200 பார் அளவுக்குக் காற்று அடைத்த உருளையால் இயங்குபவை. 1988 சோல் ஒலிம்பிக்கில் ஏர் பிஸ்டல் முதன்முறையாக இடம்பெற்ற காலத்தோடு ஒப்பிட்டால், நம் கையில் இருப்பது எவ்வளவோ மேல்.

அதனால்தான் சொல்கிறேன்: துப்பாக்கிகளுக்கிடையே இருந்த பெரிய வேறுபாடுகள் மறைந்துவிட்டன. நன்றாகப் பராமரித்த பழைய ஏர் பிஸ்டலை ஆடாமல் இறுக்கிப் பொருத்திச் சுட்டுப் பாருங்கள். 10 மீட்டர் தூரத்தில் ஐந்து குண்டுகள் ஏறக்குறைய ஒரே துளையில் போய் விழும். குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். துப்பாக்கி தவறுவதற்கு அங்கே அதிக இடமில்லை.

நாம் தவறுவதற்கு இடமுண்டு. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 33 செண்டிமீட்டர். விசையை வெடுக்கென்று இழுத்து, முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், இலக்கில் அது 3 செண்டிமீட்டர் ஆகிவிடும். 10 விழ வேண்டிய இடத்தில் 7 விழும். விதிப்படி விசையின் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது. இது எல்லாத் துப்பாக்கிக்கும் பொது. இரண்டாயிரம் யூரோ கொடுத்து வாங்கினாலும் அந்த 500 கிராமை நம் விரல்தான் இழுக்க வேண்டும்.

நம்பகத்தன்மை வேறு விஷயம். தோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவில் இந்தியாவின் மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. அதைச் சரிசெய்வதில் நேரம் கரைய, 12ஆம் இடத்தில் முடித்தார். இறுதிச் சுற்றுக்குப் போனவர்கள் எட்டுப் பேர். 2024ல் பாரிசில் அவரே இரண்டு வெண்கலம் வென்றார். உலகத் தரத்தில் இருப்பவருக்கும் கருவி கைவிரிக்கும். புதிது வாங்கிவிட்டால் பழுதே வராது என்பது நம் ஆசைதான். அதே பாரிசில் சாதாரண மூக்குக்கண்ணாடியோடு, ஒரு கையைக் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு சுட்ட துருக்கியின் யூசுப் டிகெச்சின் படத்தைக் காட்டி, கருவியே முக்கியமில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். அதுவும் சரியல்ல. அவர் கையில் இருந்தது முதல்தரப் போட்டித் துப்பாக்கி.

அப்படியானால் பணத்தை எதில் போடுவது? என் பதில் பிடியில். ஏர் பிஸ்டலின் மரப்பிடி சிறியது, நடுத்தரம், பெரியது என்று வரும்; இடக்கைக்குத் தனி, வலக்கைக்குத் தனி. பள்ளிகள் பொதுவாக வலக்கை, நடுத்தர அளவில் வாங்கிவைக்கின்றன. என்னோடு சுட்ட ஒரு தோழி இடக்கைக்காரி. ஓராண்டு வலக்கைப் பிடியோடு போராடினாள். “நீ சொந்தமா வாங்கிடு” என்று அறிவுரை சொன்னவர்களில் நானும் ஒருவன். அவள் வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒருவர் சம்பளம். இரண்டாம் ஆண்டில் வேறு இணைப்பாட நடவடிக்கைக்கு மாறிவிட்டாள். பிடியை மட்டும் தனியாக வாங்கலாம், அதன் விலை துப்பாக்கி விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் என்று பல ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரிந்தது.

ஆகவே மாணவர்களே, அப்பாவிடம் கேட்கும் முன் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். உங்கள் கைக்கு ஏற்ற பிடி இருக்கிறதா? காற்று கசியும் வளையங்களைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள்? காற்று உருளைக்கும் காலாவதித் தேதி உண்டு, பாருங்கள். ஒவ்வொரு நாளும் குண்டில்லாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து இருபது நிமிடம் விசை இழுத்துப் பழகுகிறீர்களா? இங்கே சட்டத்தின் பார்வையில் ஏர் பிஸ்டலும் துப்பாக்கிதான், அதற்கும் உரிமம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். கைப்பேசிபோல் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் பொருளல்ல அது.

பொறுப்பாசிரியர்களிடமும் ஒரு கோரிக்கை. சொந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர் என்பதற்காக யாரையும் பள்ளி அணியில் முன்னால் நிறுத்தாதீர்கள். ஜனவரியில் புதிய உறுப்பினர்கள் சேரும்போது, முதல் நாளிலேயே கையளவு எடுத்து, இடக்கையா வலக்கையா என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுச் செலவுப் பட்டியலில் எந்தப் பிடிகளைச் சேர்ப்பது என்று முடிவுசெய்ய அந்த ஒரு தாள் போதும்.