விரலசைவும் ஒரு துளி மின்சாரமும்

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் அந்நாளில் லேடி வெலிங்டன் தொழுநோய் இல்லம் இயங்கி வந்தது. கொல்லிமலையில் பிறந்து, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்து வந்த டாக்டர் பால் பிராண்ட், 1940களின் பிற்பகுதியில் டாக்டர் காக்ரேனின் அழைப்பை ஏற்று அங்கு வந்தார். மடங்கிச் சுருண்ட விரல்களையுடைய நோயாளி ஒருவரின் கையைப் பற்றியவர், அப்பிடியின் வலிமை கண்டு திடுக்கிட்டார். உள்ளங்கையின் சிறு தசைகளை இயக்கும் நரம்பே பட்டுப் போயிருந்தது. முன்கைத் தசையோ உயிரோடிருந்தது. அவ்வுயிருள்ள தசையின் நாணை விரலுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவை முறையை அவர் வேலூரில் வளர்த்தெடுத்தார். திருமணி இல்லம் 1955இல் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. ஆகவே, இழந்த அசைவை மீட்கும் கலை நம் மாவட்டத்துக்கு அயலானதன்று.

இன்று கேள்வி வேறு. தென்னையினின்று தவறி விழுந்தவரும், கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்தவரும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் மூளை ஆணையிடுகிறது, தசையும் உள்ளது, இடைவழிதான் அறுந்துவிட்டது. அவ்வாணையை மூளையிலேயே கேட்டுப் பொறிக்கு உணர்த்துவதே மூளை-பொறி இணைப்பு. கைகால் செயலிழந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவர், தம் எண்ணத்தாலேயே எந்திரக் கையை இயக்கிக் காப்பி அருந்திய செய்தி 2012இல் வெளிவந்தது. அதற்குப் பயன்பட்டது, 4 மில்லிமீட்டர் சதுரத்தில் ஏறத்தாழ 100 மின்முனைகளைத் தாங்கிய சில்லு.

அதிசயத்தைப் பாராட்டுவோர் அதன் கம்பியை மறந்துவிடுகின்றனர். அச்சோதனையில் மண்டையோட்டைத் துளைத்து வெளிவந்த இணைப்பான் வழியாகவே குறிகள் கணிப்பொறியை அடைந்தன. திறந்த தோல் தொற்றுக்கு வாயில். புழுதியும் வியர்வையும் மிக்க நம் கடற்கரையில் அது எத்தனை நாள் தாங்கும்? நாளொன்றுக்கு ஐவேளை வுளூச் செய்து ஈரக்கையால் தலையைத் தடவும் ஒருவருக்கு மூடிய தோல் என்பது வெறும் வசதியன்று. தோலை மூட வேண்டின் கம்பியை ஒழிக்க வேண்டும். கம்பியை ஒழித்தால் குறிகளை வானொலி அலையாய் அனுப்ப வேண்டும். மின்முனை ஒவ்வொன்றையும் நொடிக்கு 30,000 முறை அளந்தால் 100 முனைகளுக்கு 30 இலட்சம் அளவுகள். அனைத்தையும் அனுப்ப மின்சாரம் செலவாகும், மின்சாரம் வெப்பமாகும். மூளைத்திசுவை 1 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கலாகாது என்பதே வடிவமைப்போர் பொதுவாகக் கொள்ளும் எல்லை. கல்பாக்கத்தில் மெகாவாட் கணக்கில் மின்சாரம் பேசும் நாம், இங்கே வாட்டின் ஆயிரத்திலொரு பங்கையும் கஞ்சத்தனமாய் எண்ண வேண்டியுள்ளது. முழு மூளையே ஏறக்குறைய 20 வாட்டில் இயங்குகிறது என்பதை எண்ணுங்கால் படைத்தவனின் சிக்கனம் புலப்படும்!

பெங்களூரில் பிறந்த ராகுல் சர்பேஷ்கர் அமெரிக்காவில் ஆய்ந்தது இச்சிக்கனத்தையே. குறியை முற்றிலும் எண்ணாக்கி அனுப்புவதற்கு முன், அது தோன்றும் இடத்திலேயே வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்தால் மின்செலவு பன்மடங்கு குறையும் என்பது அவர் வழி. மூளையைச் சூழ்ந்த நீரிலுள்ள சர்க்கரையினின்றே மின்சாரம் பெறும் மின்கலம் ஒன்றையும் அவர் குழுவினர் 2012இல் முன்வைத்தனர்.

‘ஏழைக்கு எட்டாத கனி’ என்பர் நம் பெரியோர் சிலர். செவிக்குள் பொருத்தும் காக்ளியர் கருவியையும் ஒருகாலத்தில் அவ்வாறே கூறினர். இன்று முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தமிழகச் சிறார் அதனைப் பெறுகின்றனர். அதுவும் தோலுக்கு வெளியிலிருந்தே மின்னாற்றல் பெறுவது. எனவே விலையன்று நம் அச்சம். ஆர்கஸ் என்னும் விழித்திரைக் கருவியை ஆக்கிய அமெரிக்க நிறுவனம் 2019இல் அதன் உற்பத்தியை நிறுத்தியது. பொருத்திக்கொண்டவர்கள் பழுது பார்ப்பாரின்றித் தவித்தனர். கண்ணுக்குள் கருவி இருந்தது, கேட்பதற்கு ஆளில்லை. இதுவே நம் அச்சம்.

இப்னு சீனாவையும் அஸ்ஸஹ்ராவியையும் மலர்தோறும் போற்றுகிறோம், போற்றட்டும். ஆயின் அவர்கள் தம் காலத்தவர் கற்ற மொழியில் எழுதினார்கள் என்பதை ஏனோ நினைப்பதில்லை. நம் பகுதி நோயாளி ஒருவரிடம் ஆங்கிலத்தில் ஒப்புதல் படிவத்தை நீட்டினால் அவர் கைந்நாட்டு எதற்கு ஒப்புதல்? மின்கலம் எத்தனை ஆண்டு உழைக்கும், மாற்ற மீண்டும் தலையைத் திறக்க வேண்டுமா, நிறுவனம் மூடப்பட்டால் பொறுப்பு யாருடையது, எண்ணத்தினின்று எடுத்த குறிகள் யாருக்குச் சொந்தம் என்பனவற்றை அவர் தமிழில் வினவித் தமிழில் விடைபெற வேண்டும். இக்கடமை இயற்பியல் துறையினுடையது மட்டுமன்று, தமிழ்த்துறையினுடையதும் ஆகும். இரு துறை மாணவரும் ஒரு பருவம் ஒன்றாயமர்ந்து அத்தகைய படிவம் ஒன்றை வரையலாம். கோவளத்துக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறன் உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. முதற்படியை அங்குள்ளோரிடம் படித்துக் காட்டி, புரியாத சொற்களை அவர்கள் சுட்டச் சுட்ட நீக்கிவரலாம்.