சேதாரம் என்று எழுதிவிட்டால் போதுமா?

அரவை மில் என்றால் தூசி பறக்கத்தான் செய்யும் என்ற நினைப்பு நம் பக்கத்தில் வேரோடிப் போயிருக்கிறது. அது இயற்கையும் அல்ல, தலைவிதியும் அல்ல என்பது என் கட்சி. வெளியே பறக்கும் மாவு எங்கோ அடைக்காமல் விட்ட ஓட்டையிலிருந்து வருகிறது. அந்த ஓட்டையைத் தேடாமல் துடைப்பத்தை எடுக்கிறோம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மேலே கரிசல், பல இடங்களில் அடியில் சுண்ணாம்புக்கல். பந்தல்குடி சுண்ணாம்புக்கல் சுரங்கம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். துலுக்கப்பட்டி பக்கம் ஆர்.ஆர். நகர் சிமெண்ட் ஆலை 1960களின் தொடக்கத்தில் வந்தது. ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை 1970இல் வந்தது. இவையெல்லாம் பெரிய ஆலைகள், இவற்றுக்கென்று இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது கல்லைப் பொடியாக்கிக் கோழித் தீவனத்துக்கும் பெயிண்டுக்கும் அனுப்புகிற சிறு ரோலர் மில்களைப் பற்றி.

நான் இன்ஜினியர் அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்து, இந்தச் சீமைக்கு வந்து, தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின் சில வருஷம் அப்படிப்பட்ட மில் ஒன்றில் கணக்கு எழுதினேன். மில்லின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே ஸ்டாக் ரிஜிஸ்டரில் மாதாமாதம் 'சேதாரம் 1 சதவீதம்' என்று ஒரு வரி இருக்கும். மழை மாதமானாலும் ஆடிக்காற்று மாதமானாலும் அதே 1 சதவீதம்தான். அளந்து எழுதிய கணக்கு ஒரு நாளும் அப்படி ஒரே எண்ணாக வராது. அந்த வரி முதலில் எழுதப்பட்டுவிடும், பிறகு மற்றப் பத்திகள் அதற்கு ஒத்துப் போகும்.

1 சதவீதம்தானே என்று தோன்றும். மணிக்கு 2 டன் அரைக்கும் மில் ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நாளைக்கு 32 டன். அதில் 1 சதவீதம் 320 கிலோ. வருஷத்தில் 300 நாள் ஓடினால் 96 டன். அந்தக் கல்லை வெட்டியாயிற்று, லாரியில் ஏற்றியாயிற்று, கரண்ட் செலவழித்து அரைத்தாயிற்று. விற்கும் நேரத்தில் அது தரையிலும் கூரையிலும் ஜனங்களின் நெஞ்சிலும் கிடக்கிறது.

அங்கிருந்த ஃபிட்டர் ஒருவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இந்த மில்லுக்குள் தொங்கும் உருளைகள் சுற்றும் வேகத்தில் வெளிப்பக்கமாக விரிந்து, ஒரு இரும்பு வளையத்தில் கல்லை வைத்து நசுக்கும். அடியிலிருந்து வரும் காற்று பொடியை மேலே தூக்கிப் போகும். பருமனான பொடி திரும்பக் கீழே விழும், நைஸான பொடி சைக்ளோனில் பிரிந்து மூட்டைக்குப் போகும். மிஞ்சிய காற்று குழாய் வழியே மறுபடி மில்லுக்கே வரும். ஒரே காற்றுதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

சூட்சுமம் இங்கேதான். கல் போடும் வாய் வழியாக வெளிக்காற்று கொஞ்சம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கல்லிலுள்ள ஈரமும் ஆவியாகும். உள்ளே சேரும் இந்த அதிகக் காற்றைத் துணிப்பை ஃபில்டர் வழியாக வெளியே விட வேண்டும். பைகள் அடைத்துக்கொண்டால் காற்றுக்கு வழி கிடையாது. உள்ளே அழுத்தம் ஏறும். அப்போது ஒவ்வொரு மூட்டு வழியாகவும் மாவு பீறிட்டு வரும். மேஸ்திரி ஓடிப் போய் மாவு வருகிற மூட்டில் சாக்கையும் தாரையும் வைத்து அடைப்பார். உடனே அடுத்த மூட்டில் வரும். வியாதி ஃபில்டரில் இருக்கிறது, வைத்தியம் மூட்டுக்கு நடக்கிறது. கணக்கிலும் இப்படித்தான்: வித்தியாசம் ஒரு பத்தியில் தெரியும், காரணம் வேறு பத்தியில் இருக்கும்.

நான் படித்த பிரெஞ்சில் கசிவுக்கு 'ஃபுயித்' என்பார்கள். தப்பி ஓடுவதற்கும் அதே சொல்தான். உள்ளே நெருக்கினால் பொருள் தப்பி ஓடும். உள்ளே லேசான இழுப்பு இருந்தால் மாவு வெளியே வராது, வெளிக்காற்றுதான் உள்ளே போகும். சிமெண்ட் ஆலைகளின் பெரிய செங்குத்து ரோலர் மில்கள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் அங்கே ஓட்டை இருந்தால் கண்ணுக்குத் தெரியாத நஷ்டம். வேண்டாத காற்றையும் சேர்த்து இழுக்க ஃபேன் கூடுதல் கரண்ட் தின்னும். அதைக் கண்டுபிடிக்க மில்லுக்கு முன்னும் பின்னும் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளப்பார்கள். பின்னால் அதிகமாக இருந்தால் நடுவில் வெளிக்காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி மனுஷர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மில்லில் கூட்டிப் பெருக்கும் ஒரு அம்மாவிடம், "மூக்கைக் கட்டிக்கிட்டு வேலை பாருங்கம்மா" என்றேன். "புழுதி நமக்குப் புதுசா ஐயா? காட்டுல திங்காத மண்ணா?" என்றார். நம்மில் பல பேர் சொல்லும் பதில்தான் இது. ஆனால் காட்டுப் புழுதியில் பெரும்பகுதி பருமனானது. மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், தும்மினால் வந்துவிடும். மில் மாவை நைஸாக்குவதற்கென்றே அரைக்கிறோம். தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். 5 மைக்ரானுக்கும் குறைவான தூள் நுரையீரலின் கடைசி அறை வரை போகும். கண்ணுக்கும் தெரியாது. வெறும் சுண்ணாம்புக்கல்லில் ஆபத்து குறைவு. படிகக்கல் கலந்திருந்தாலோ, படிகக்கல்லையே அரைத்தாலோ சிலிக்கோசிஸ் வரும். வந்தால் அதைக் குணமாக்கும் மருந்து கிடையாது.

சட்டம் இதை எப்போதோ சொல்லிவிட்டது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தூசியை உறிஞ்சும் கருவியை, தூசி பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும், அந்த இடத்தை முடிந்தவரை மூட வேண்டும் என்றது. பிறந்த பிறகு பெருக்கு என்று சொல்லவில்லை. 2020இல் பல தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்துப் புதிதாக்கினார்கள். பிரிவு எண்கள் மாறலாம், இந்த நியாயம் மாறாது.

பருப்பு மில், மாவு மில் வைத்திருக்கும் விருதுநகர் அண்ணாச்சிமார்களுக்கு இன்னொரு வார்த்தை. கல் மாவு வெடிக்காது, தானிய மாவு வெடிக்கும். அமெரிக்காவில் மினியாபோலிஸ் நகரத்தில் 1878 மே 2ஆம் தேதி ஒரு பெரிய கோதுமை மாவு ஆலை, பறந்துகொண்டிருந்த மாவில் தீப்பற்றி வெடித்தது. 18 பேர் இறந்தார்கள்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. உள்ளே போன கல்லையும் வெளியே வந்த மாவையும் தினமும் எடை போட வேண்டும். ஈரத்தைக் கழித்துவிட்டு மிச்ச வித்தியாசத்தை உள்ளபடி எழுத வேண்டும். ஃபில்டருக்கு இரு பக்கமும் தொடுத்து, வளைந்த பிளாஸ்டிக் குழாயில் சாயத் தண்ணீர் ஊற்றி வைத்தால், மட்ட வித்தியாசம் ஏற ஏறப் பை அடைபடுவது தெரியும். மூட்டுக்கு அருகே ஒரு நூல் துணுக்கைப் பிடித்தால் அது உள்ளே இழுபட வேண்டும். வெளியே ஆடினால் அழுத்தம் ஏறிவிட்டது. கல் போடும் வாயில் சுழலும் காற்றுத்தடுப்பின் இறக்கைகள் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். மேல் தொட்டியில் எப்போதும் கொஞ்சம் கல் நின்றால் அதுவே ஒரு அடைப்பு. சாக்குக்கும் தாருக்கும் பதில் சரியான ரப்பர் அல்லது ஃபெல்ட் வைத்து போல்ட்டை முறுக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு சிந்துவதை உறிஞ்சும் மெஷினால் எடுக்கலாம். வறட்டுத் துடைப்பம் கீழே விழுந்த தூளை மறுபடி மூக்குக்கே அனுப்பும். முகமூடி கட்டாயம் வேண்டும், ஆனால் அதைக் காட்டி ஓட்டையை விட்டுவிடக் கூடாது.

இதைப் படிப்பவர்களில் சிலருடைய பிள்ளைகளோ மருமகன்களோ மில் நடத்தலாம். அடுத்த முறை அங்கே போகும்போது ஸ்டாக் ரிஜிஸ்டரை வாங்கிப் பாருங்கள். சேதாரம் எல்லா மாதமும் ஒரே எண்ணாக இருந்தால், ஃபில்டர் பையைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.