நடிகர் வந்தார் அன்று. நாம் போகிறோம் இன்று!

நடிகரைக் காண ஊர் விட்டு ஊர் போவது குற்றமா? புதுப் படத்தின் முதல் நாள் முதல் காட்சிக்காக ஒரு நாள் கூலியை இழப்பது மடமையா? வாலாஜாபாத் வட்டாரத்துத் தோழர்கள் சிலர் இப்படிக் கேட்டிருக்கின்றனர். கேட்டவர்கள் இளைஞர்கள், ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் கம்பெனிப் பேருந்தில் ஷிப்டு வேலைக்குப் போய் வருகிறவர்கள். அவர்களைக் கடிந்துகொண்டவர்கள் வீட்டுப் பெரியவர்கள். இரு தரப்பும் நம்மவர்களே!

கடிந்துகொண்ட பெரியவர்களை முதலில் ஒன்று கேட்கிறோம். 1973 மே திங்களில் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளிவந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? காஞ்சிக்கும் செங்கற்பட்டுக்கும் சைக்கிளில் இருவர் மூவராக ஏறிப் போகவில்லையா? சட்டைப் பையிலிருந்த காசெல்லாம் டிக்கெட்டுக்குப் போய், திரும்பும்போது தேநீருக்கும் வழியின்றி வரவில்லையா? செங்கற்பட்டைத் தாண்டிப் போயிராத நெசவாளித் தோழன் ஒருவன், ஒசாகா நகரில் 1970இல் நடந்த உலகக் கண்காட்சியையும் ஹாங்காங்கையும் சிங்கப்பூரையும் தரை டிக்கெட்டில் அமர்ந்தபடி கண்டான். பணக்காரன் விமானத்தில் போய்க் கண்டதை ஏழை கொட்டகையில் கண்டான். அந்த மகிழ்ச்சியைக் கேலி செய்ய நமக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. மேடையிலும் திரையிலும் வளர்ந்த இயக்கத்தார் நாம். கலைஞர்களை நேசிப்பது இழுக்கு என்று நம்மால் எப்படிச் சொல்ல முடியும்?

ஆனால் வேறொரு கணக்கு இருக்கிறது. பார்த்தே ஆக வேண்டிய கணக்கு. பயணம் போகிறவர் யார்? பயணச் செலவு யாருடையது? வழியில் வரும் ஆபத்து யார் தலையில்?

அந்த நாளில் பயணம் போனவர் நடிகர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகள் அதில் நடிகர்கள். ஓரூரில் வசூல் குறைந்தால் மூட்டை கட்டுவார்கள். காட்சிச் சீலைகள், ஆர்மோனியம், அட்டைக் கிரீடம், சமையல் பாத்திரம் எல்லாம் புகைவண்டியில் ஏறும். நிலையத்தில் இறங்கிக் கட்டை வண்டிக்கு மாறும். நாடகம் முடிந்தபின் அந்தப் பிள்ளைகள் மேடைக்குப் பின்னாலேயே படுத்துறங்குவார்கள். தி.க. சண்முகம் ஆறு வயதில் அந்த வாழ்க்கைக்கு வந்தவர். கலைவாணரும், எம்.ஜி.ஆரும், கணேசனும் இப்படிப்பட்ட கம்பெனிகளில் வளர்ந்தவர்களே. வறுமை துரத்த வந்தார்கள். பள்ளிப் படிப்பு போயிற்று, தாய் மடி போயிற்று. வாத்தியாரின் பிரம்படி மட்டும் தவறாமல் கிடைத்தது. அதைப் பொற்காலம் என்று போற்ற மாட்டோம். பிள்ளைகளை அப்படி வாட்டி எடுத்த கலை எத்தனை உயர்ந்ததாயினும் அதன் கணக்கில் ஒரு கடன் நிற்கத்தான் செய்கிறது. சுவாமிகளுமே 1922இல் புதுச்சேரியில்தான் கண் மூடினார், பிறந்த ஊரிலன்று.

நமது காஞ்சியை எண்ணிப் பாருங்கள். அண்ணா நாடகம் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் வேடமும் கட்டினார். 'சந்திரோதயம்' நாடகத்தில் நடித்தார். 'சிவாஜி கண்ட இந்து இராஜ்யம்' நாடகத்தில் காகபட்டராக வந்தார். அதில் சிவாஜியாக நடித்த கணேசன் என்னும் இளைஞரைப் பாராட்டி 1946இல் பெரியார் அழைத்த பெயரே அவருக்குக் கடைசிவரை நிலைத்தது. அந்த இளைஞர் காஞ்சியில் அண்ணாவின் அருகே சில காலம் தங்கியிருந்தவர். நடிப்பிசைப் புலவர் கே.ஆர். இராமசாமி 'வேலைக்காரி'யையும் 'ஓர் இரவு' நாடகத்தையும் ஊர் ஊராக எடுத்துச் சென்றார். நடிகவேள் எம்.ஆர். இராதாவின் குழு சென்ற ஊரெல்லாம் கல்லும் வந்தது, கைதட்டலும் வந்தது. 1954இல் சென்னை அரசு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொணர்ந்தபோது, இது இராதாவுக்காகவே செய்த சட்டம் என்று பேசாத வாயில்லை. சட்டமன்றமே அஞ்சி எழுந்து நின்று சட்டம் செய்யுமளவுக்கு ஒரு நடிகனின் பயணம் இருந்தது என்றால், அந்தப் பயணத்தின் வலிமைதான் என்னே!

1959இல் சீர்காழியில் 'இன்பக் கனவு' நாடகம். சண்டைக் காட்சியில் பருத்த உடலுடைய நடிகர் ஒருவரைத் தூக்கும்போது எம்.ஜி.ஆரின் கால் முறிந்தது. கூடியிருந்த மக்கள் கண் முன்னால் நடந்தது அது. மக்களை மகிழ்விக்க ஊர் தேடி வந்தவரின் கால் முறிந்ததே தவிர, பார்க்க வந்தவருக்குக் கீறல் இல்லை. நமது கேள்விக்கு இந்த ஒரு நிகழ்ச்சியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சினிமா வந்ததும் இந்த வழக்கம் உடனே மாறிவிடவில்லை. தென்னாட்டில் படக்காட்சியை ஊர் ஊராகக் கொண்டு சென்ற முதல்வர் யார் தெரியுமா? முதலாளி அல்லர். திருச்சியில் இரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட்! 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கினார், வேலையை விட்டார், கூடாரமடித்துப் படம் காட்டிக்கொண்டே நாடு சுற்றினார், பிறகு 1914இல் கோவையில் நிலையான கொட்டகை கண்டார். இரயில்வேத் தோழர்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளலாம்! அவர் வழியில் வந்தவைதான் டூரிங் டாக்கீஸ்கள். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறை வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இன்றும் இருக்கிறது. கருவி ஒன்றே ஒன்று; சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கெரியும், முறுக்கு விற்கும்.

படப்பெட்டி ஊருக்கு வந்தது, நடிகர் வரவில்லை. அவருடைய நிழல் வந்தது. நிழலைக் கண்டவனுக்கு ஆளைக் காண ஆசை பிறந்தது. அன்று தொடங்கியது நம்முடைய பயணம்.

கோடம்பாக்கத்துக்கு மூட்டை முடிச்சோடு போனோம். இராமாவரம் தோட்டத்து வாசலில் நின்றோம். தியாகராய நகரில் அன்னை இல்லத்தின் எதிரே நின்றோம். இந்தப் பித்து தமிழனுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். என்.டி. ராமாராவ் சென்னையில் வாழ்ந்த காலத்தில், திருப்பதிக்கு வந்த ஆந்திர யாத்திரிகர்கள் அங்கிருந்து அப்படியே பேருந்தைச் சென்னைக்குத் திருப்பி அவர் வீட்டு வாசலில் நிறுத்துவார்கள். மலையில் ஒரு தரிசனம், தரையில் ஒரு தரிசனம்!

1962இல் தேனித் தொகுதியில் இலட்சிய நடிகர் எஸ்.எஸ். இராஜேந்திரன் வென்று சட்டமன்றம் புகுந்தார். ஐந்தாண்டு கழித்து இன்னும் வியப்பான ஒன்று. 1967 சனவரி 12இல் குண்டடிபட்டு மருத்துவமனையில் கிடந்த எம்.ஜி.ஆர்., பரங்கிமலைத் தொகுதியில் வாகை சூடினார். பரங்கிமலை அப்போது நம் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. வேட்பாளர் வாக்குக் கேட்கத் தெருவுக்கு வரவில்லை. கழுத்தில் கட்டுப் போட்ட அவருடைய படம் வந்தது. படம் போதுமாயிருந்தது. மக்கள்தாம் கூட்டங் கூட்டமாக மருத்துவமனையை நோக்கி நடந்தார்கள். ஊர் ஊராகப் போன நடிகன் நின்ற இடத்தில் நிற்க, நின்ற இடத்தில் இருந்த மக்கள் நடக்கத் தொடங்கிய காலம் அது என்று நாம் கருதுகிறோம்.

நடந்தவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள்? 2023 சனவரி 11. ஒரே நாளில் இரு பெரிய நடிகர்களின் படங்கள். நள்ளிரவிலும் விடியுமுன்னும் காட்சிகள். சென்னை கோயம்பேட்டில் கொட்டகைக்கு எதிரே ஓடும் லாரிமீது ஏறி ஆடிய பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் கீழே விழுந்து மாண்டான். அதற்குப் பிறகே விடியற்காலைக் காட்சிகளுக்கு அனுமதி மறுக்கும் புத்தி வந்தது. 2024 திசம்பர் 4. ஐதராபாத்தில் நடிகர் ஒருவர் தம் படத்தின் சிறப்புக் காட்சிக்கு வந்த கொட்டகையில் நெரிசல். ஒரு தாய் மாண்டாள், அவளுடைய மகன் நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தான். 2025 செப்டம்பர் 27. கரூரில், நடிகர் விஜய் தொடங்கிய கட்சியின் கூட்டம். காலை முதல் காத்து நின்ற மக்கள். அவர் வந்து சேர்ந்தபோது இரவு. நெரிசலில் 41 உயிர்கள் போயின. அவர்களில் குழந்தைகள் இருந்தனர்.

கரூரில் யார் குற்றவாளி என்பதை விசாரணை கூறட்டும், நீதிமன்றம் கூறட்டும். பிணங்களை எண்ணி அரசியல் இலாபம் பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம். நம்மவர் யாரேனும் அதில் இறங்கினால் தடுத்து நிறுத்துங்கள். மாண்டவர்கள் எந்தக் கொடி பிடித்திருந்தாலும் அவர்கள் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். காலையிலிருந்து வெயிலில் நின்றவனுக்குத் தண்ணீர் எங்கே என்று கேட்பதற்குக் கட்சி தேவையில்லை. லாரியில் ஆளேற்றுவதும், நேரத்துக்கு வராமல் கூட்டத்தைக் காக்க வைப்பதும் ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமான பழக்கமா? தோழர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்.

சீர்காழியில் முறிந்தது நடிகரின் கால். கரூரில் போனது பார்க்க வந்தவரின் உயிர். இடையிலே அறுபத்தாறு ஆண்டுகள்.

அப்படியானால் போகாதே என்கிறோமா? இல்லை. போகிறவன் எப்படிப் போகிறான் என்பதைச் சொல்கிறோம். 'முத்து' படம் 1998இல் டோக்கியோவில் ஓடியது. சப்பானியரில் ரஜினிகாந்துக்கு ரசிகர்கள் தோன்றினர். அவர்களில் சிலர் புதுப் படம் வெளியாகும்போது விமானமேறிச் சென்னைக்கே வருகின்றனர். வருகிறவர் திரும்புவதற்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார். படம் பார்க்கிறார், ஆடுகிறார், பாடுகிறார், ஊர் திரும்பி வேலைக்குப் போகிறார். வாலாஜாபாத் தோழனுக்கு மட்டும் ஏன் திரும்பி வரும் வழியைப் பற்றிய நினைப்பே இல்லாமற் போகிறது? ஷிப்டை விட்டால் சம்பளம் பிடிப்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளியானால் மறுநாள் வாயிற்கதவே திறக்காது. அந்த இழப்பை எந்த நடிகரும் ஈடு செய்வதில்லை. செய்ய அவருக்குத் தெரியவும் தெரியாது. டிக்கெட்டை அரசு குறித்த விலைக்கு மேல் விற்றால் வாங்காமல் திரும்பி வரும் துணிவு நம் இளைஞனுக்கு வரவேண்டும். ஆலையில் ஒரு ரூபாய் குறைத்தால் கேட்கிறானே, கொட்டகையில் நூறு ரூபாய் கூடினால் ஏன் கேட்பதில்லை? படம் ஒரு வாரத்தில் ஓடிப் போய்விடுமா? முதல் நாள் பார்த்தாலும் ஏழாம் நாள் பார்த்தாலும் வில்லன் தோற்கத்தான் போகிறான்!

நடிகர்களுக்கும் ஒரு சொல். கூட்டம் தானாகச் சேர்ந்தது என்று கைவிரிக்க வேண்டாம். வரும் நேரத்தைச் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வாருங்கள். இது நடக்கக்கூடியதே. கரூருக்குப் பின் அதே விஜய் காஞ்சி மாவட்ட மக்களை 2025 நவம்பர் 23இல் சந்தித்தார். இடம் சுங்குவார்சத்திரம் அருகே. வாலாஜாபாத்திலிருந்து வடக்கே ஒரே சாலை. தனியார் கல்லூரியில், அரங்குக்குள், அனுமதிச் சீட்டுப் பெற்றவர்களை மட்டும் அமர வைத்து நடத்தினார்கள். அவருடைய அரசியல் நமக்கு உடன்பாடா என்பது வேறு. அந்த முறையைப் பாராட்டுகிறோம். முன்பே செய்திருக்கலாமே என்று நாம் கேட்பதற்கு முன்னால், நம் அடுத்த கூட்டத்துக்குத் தண்ணீரும் நிழலும் வெளியேறும் வழியும் வைத்திருக்கிறோமா என்று வட்டச் செயலாளர்கள் பார்த்துவிடட்டும். பந்தல் போடுமுன் பார்ப்பது நல்லது.

இன்னொன்று. ஊர் தேடி வரும் நடிகர் அடியோடு மறைந்துவிட்டாரா? பாலாற்றைக் கடந்தால் செய்யாறு வட்டத்தில் புரிசை என்னும் சிற்றூர் இருக்கிறது. தெருக்கூத்தில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த தம்பிரான் குடும்பத்தின் ஊர். கண்ணப்பத் தம்பிரானின் பெயரை நாடகம் படித்தவர்கள் நாடெங்கும் அறிவார்கள். அவர் மைந்தர் கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அளித்தார்கள். மாப்பொடியும் மரக்கட்டைக் கிரீடமும் புயநகையும் தரித்து, ஒலிபெருக்கி இல்லாமலே ஊர்க்கோடி வரை கேட்கும் குரலில் பாடி ஆடும் கலைஞர்கள் அவர்கள். காஞ்சியைச் சுற்றியுள்ள வட்டாரங்களில் திரௌபதியம்மன் கோயில் பாரதத் திருவிழாக்களில் இரவெல்லாம் கூத்து நடக்கிறது. கூத்தாடுபவர் பகலில் உழவர், நெசவாளி, கூலியாள். முதல் வரிசையில் உட்கார்ந்தால் அவர் வியர்வை நம்மேல் தெறிக்கும். நெரிசலில்லை, தடியடியில்லை. கலைஞனை அருகிலிருந்து காண வேண்டும் என்பதுதான் ஆசையென்றால் இதைவிட அருகில் எந்தக் கலைஞனைக் காண முடியும்?

கதை பக்திக் கதையாயிற்றே என்று நம் பகுத்தறிவுத் தோழர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கதையை விட்டுக் கலையைப் பாருங்கள். துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து பாடியபடி வெளிப்படும் அந்த ஒரு காட்சிக்காகவே போகலாம். கோடைத் திங்கள்களில் நடக்கும். டிக்கெட் கிடையாது. விடியும் வரை நடக்குமாதலால் மறுநாள் விடுமுறையாகப் பார்த்துப் போங்கள். போர்வை ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.