ரத்தப் பரிசோதனை: முடிவு யாருக்குச் சொந்தம்?

2018 டிசம்பர் 3-ந் தேதி சாத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி சர்க்கார் ஆஸ்பத்திரி ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. அதில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது.

அந்த ரத்தத்தைக் கொடுத்தவர் ஒரு வாலிபர். வெளிநாட்டு வேலைக்குப் போவதற்காகப் பரிசோதனை செய்துகொண்டபோதுதான் தனக்குத் தொற்று இருப்பதே அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அவர் ஒளியவில்லை. தான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று தாமாகவே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. துயரம் தாங்காமல் அந்த மாதம் முடிவதற்குள் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இதில் நெஞ்சைச் சுடும் உண்மை ஒன்று உண்டு. 2016-ம் வருஷத்திலேயே அவர் ஒரு முறை ரத்தம் கொடுத்திருந்தார். தொற்று அப்போதே பரிசோதனையில் தெரிந்தது. ஆனால் அந்தச் செய்தி அவரை வந்து சேரவில்லை. முடிவு காகிதத்தில் இருந்தது. முடிவுக்குரிய மனிதருக்கு இரண்டு வருஷம் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் அன்றே மருந்து சாப்பிட ஆரம்பித்திருப்பார். மறுபடி ரத்தம் கொடுத்திருக்க மாட்டார். ஒரு வார்த்தை சொல்லாததால் ஓர் உயிர் போயிற்று. ஒரு தாய்க்கு ஆயுள் முழுவதும் மருந்து என்றாயிற்று.

2019-ல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை அந்தத் தாய்க்கு 25 லட்சம் ரூபாய் நஷ்டஈடு வழங்க உத்தரவிட்டது. உரிய மருந்தினால் அவருடைய குழந்தை தொற்று இல்லாமல் பிழைத்தது. இது நமக்கு ஆறுதல், பாடமும் கூட. காலத்தில் தெரிந்தால் தப்பலாம்.

இது நம் ஜில்லாவில் நடந்தது. குமாரலிங்கபுரத்துக்கு எட்டாத ஊரில் நடந்ததல்ல. மழை பொய்த்தால் இங்கே கரிமூட்டம் போடப் போகிறோம். பஞ்சாலைக்கும் லாரிக்கும் திருப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்புகிறோம். இங்கே பெரிய ஜவுளிப் பூங்கா வரும் என்று 2023-ல் அறிவிப்பும் வந்தது. ஆலை எங்கே இருந்தாலும், வேலை கேட்டுப் போகும்போது ரத்தப் பரிசோதனை என்ற பேச்சு வரலாம். ஆகவே இந்தப் பரிசோதனை என்ன, அதன் முடிவுக்கு என்ன அர்த்தம் என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்திருக்க வேண்டும்.

சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் "நம்பிக்கை மையம்" என்று ஒரு அறை உண்டு. அங்கே காசு வாங்குவதில்லை. முதலில் உட்கார வைத்துப் பேசுவார்கள்; நம் சம்மதம் கேட்டுத்தான் ரத்தம் எடுப்பார்கள். முதல் பரிசோதனையில் கிருமிக்கான அடையாளம் காணப்பட்டால் அதோடு தீர்ப்புச் சொல்லிவிடுவதில்லை. வேறு வேறு முறைகளில் மூன்று பரிசோதனைகளும் ஒத்து வந்தால்தான் தொற்று உண்டு என்று சொல்லுவார்கள். எனவே எங்கேயோ ஒரு லேப்பில் எடுத்த ஒரே சீட்டை வைத்துக்கொண்டு யாரும் இடிந்துபோக வேண்டாம். நம்பிக்கை மையத்துக்குப் போய் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

"தொற்று இல்லை" என்று வந்தாலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சாதாரணப் பரிசோதனை கிருமியை நேரே பார்ப்பதில்லை. கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் பார்க்கிறது. விதைத்த மறுநாளே முளை தெரியாது அல்லவா? அதுபோல, கிருமி புகுந்து சில வாரங்கள் வரை முடிவு "இல்லை" என்றே வரலாம். சந்தேகம் உள்ளவர்கள் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆபத்து நேர்ந்துவிட்டது என்று உடனே தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால், தொற்றைத் தடுக்கும் மருந்தும் உண்டு.

பிறந்த குழந்தையின் விஷயம் வேறு. தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் ரத்தத்தில் மாதக்கணக்கில் இருக்கும். ஆகவே ஆறு வாரத்தில் தனிப் பரிசோதனை செய்து, பதினெட்டு மாதத்தில்தான் கடைசி முடிவு சொல்லுவார்கள். அதுவரை தாய் பொறுமையோடு குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

"உண்டு" என்று வந்தால் வாழ்க்கை முடிந்தது என்று அர்த்தமா? இல்லவே இல்லை. 1986-ல் சென்னையில் நம் நாட்டின் முதல் தொற்றுகளை டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தபோது மருந்து இல்லை. இன்று உண்டு. 2004 முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து இலவசம். தினமும் தவறாமல் சாப்பிடுகிறவர் ஆலையில் ஷிப்ட் பார்க்கலாம். காட்டில் களை எடுக்கலாம். கல்யாணம் செய்து பிள்ளை பெறலாம். ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நிலைத்து நின்றால், உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் தெளிவாகச் சொல்லுகிறது: வேலை கொடுப்பதற்கு இந்தப் பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கக் கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் புகார் கேட்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும். உங்கள் ஆலையில் அவர் யார்? நாளைக்கே கேளுங்கள்.

முதலாளியையும் சர்க்காரையும் கேட்பது சரிதான். நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். தொற்று உள்ளவரின் டம்ளரைத் தனியே வைக்கிறவர் யார்? "அவன் நடத்தை அப்படி" என்று டீக்கடையில் பேசுகிறவர் யார்? சாத்தூர்த் தாயின் நடத்தையில் என்ன குற்றம்? ரத்தப் பரிசோதனை ஒழுக்கத்துக்குச் சர்டிபிகேட் அல்ல. ஒரே டம்ளரில் குடித்தாலும், ஒரே ரேழியில் படுத்தாலும், ஒரே மிஷினில் நின்றாலும் இந்தக் கிருமி ஒட்டாது. அந்த வாலிபரைக் கொன்றது கிருமியல்ல. ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியதில் நமக்கும் பங்கு உண்டு.

ஆகவே நாம் கோருவது இதுதான். ரத்த வங்கிகளிலும் நம்பிக்கை மையங்களிலும் காலி இடம் இல்லாமல் ஆட்களைப் போட வேண்டும். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் போகக் கூலியை இழக்க முடியாதவர்களுக்காக ஆலை வாசலிலும் கிராமத்திலும் முகாம் நடத்த வேண்டும். ரத்தம் கொடுத்தவருக்குத் தொற்று தெரிந்தால், அவரைத் தேடிச் சென்று, தனியே அழைத்து, பக்குவமாகச் சொல்லி, மருந்து கிடைக்கும் இடத்தில் சேர்க்கும் வரை பொறுப்பு சர்க்காருடையது.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. சோதித்துக்கொள்ளப் போகும் தோழனோடு துணைக்குப் போவோம். முடிவு எதுவானாலும் திரும்பி வரும்போதும் அவனோடு ஒரே பஸ்ஸில் வருவோம்.